முருங்கைப் பூவுக்கு உறை போட்ட வருடம்

கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் அது. விலங்கியல் வகுப்பில் பூச்சிகளைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. நடத்தியவர் அப்போதுதான் ஆய்வுப் பட்டம் முடித்து வேலைக்கு வந்திருந்த ஆசிரியை. "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றார். எல்லோரும் சொல்வதுதான், யாரும் கேட்பதில்லை. அன்று எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்துவிட்டேன்.

"மேடம், எங்க தோட்டத்துல முருங்கை பூவாக் கொட்டுது. காய் மட்டும் அம்புட்டுப் புடிக்க மாட்டேங்குது. ஏன்?"

பின்வரிசையில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியல. வண்டு வராததால இருக்கலாம், தண்ணி, சத்துனு வேற காரணமும் இருக்கலாம். பாத்தாதான் சொல்ல முடியும். பாப்பமா?"

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் என்னையும் என் வகுப்புத் தோழியையும் துறைத் தலைவரின் அறைக்கு அழைத்துப்போய், இதை ஆய்வாகச் செய்ய அனுமதி கேட்டார். தலைவருக்கு இதில் இஷ்டமில்லை.

"முதல் வருசப் பிள்ளைக. மைக்ராஸ்கோப்பையே இன்னும் ஒழுங்காப் புடிக்கத் தெரியாது. கடைசி வருசத்துல ரெண்டு பேரைச் சேத்துக்கங்களேன்."

"கேள்வி இந்தப் பிள்ளையோடது சார். இவளை விட்டுட்டு எப்படிச் செய்யறது?"

எங்களை முன்னால் நிறுத்திக்கொண்டே அதைச் சொன்னார். அதற்கு முன்பு என்னுடையது என்று சொல்லும்படி கல்லூரியில் எனக்கு எதுவும் இருந்ததில்லை.

எங்கள் தோட்டம் சித்தையன்கோட்டைப் பக்கம். வேலை எளிதானதுதான். சில கொத்துகளில் மொட்டு விரியும் முன்பே வலைத்துணி உறை போட்டு வண்டு நுழையாமல் கட்டிவிட வேண்டும். மற்றக் கொத்துகளைத் திறந்தபடி விட வேண்டும். காலையில் எந்தப் பூவுக்கு என்ன வருகிறது, பிறகு எது காய்க்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய கொசுவலையைக் கிழித்து அம்மாதான் உறைகள் தைத்துக் கொடுத்தார். வழியில் போகிறவர்கள் நின்று பார்த்து, "என்னத்தா, பூவுக்கும் மாஸ்க் போட்டுட்டீகளா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். விடுமுறை நாள்களில் தோழி எங்கள் வீட்டிலேயே தங்கினாள். இருவரும் விடிந்ததும் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்போம். விரல் பருமனில் கருவண்டுகள் இரைந்துகொண்டு வரும்.

ஒருநாள் காலை தோட்டத்துக்குள் போனபோதே மருந்து நெடி மூக்கில் ஏறியது. அப்பா தெளிப்பானைக் கழற்றிக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். மரத்தில் ஒரு வண்டுகூட இல்லை.

"என்னப்பா இப்படிப் பண்ணிட்டீங்க! எல்லாம் போச்சு!" என்று கத்திவிட்டு அழுதேன்.

"புழு விழுந்து மொட்டெல்லாம் ஓட்டை. பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா? இதை வச்சுத்தான் ஆத்தா சோறு திங்கிறோம்."

அவர் சொன்னதிலும் பிழையில்லை. ஆசிரியைக்குப் போன் செய்து, ஆய்வே கெட்டுவிட்டது என்று தேம்பினேன். அவர் பதறவில்லை.

"அவர் தோட்டம், அவர் மருந்தடிக்கத்தான் செய்வார். இனி வண்டு எப்பத் திரும்பி வருதுனு பாருங்க. அதுவும் நமக்குத் தெரியணும்ல?"

அன்று மதியமே பஸ் பிடித்து வந்துவிட்டார். அப்பாவிடம் குறை எதுவும் சொல்லவில்லை. ஏன் விடியலில் அடிக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"வெயிலுக்கு முந்தி அடிச்சாத்தான் ஆளு தாங்கும் டீச்சரம்மா."

"பூ விரியறதும் வண்டு வர்றதும் அந்த நேரம்தான். சாயங்காலம் அடிச்சா உங்களுக்குத் தோதுப்படுமா?"

மறுநாள் காலை அப்பாவும் எங்களோடு வந்து மரத்தடியில் நின்றார். அதற்கடுத்த நாளும் நின்றார். சில நாள் கழித்து, எங்களுக்கு முன்னால் போனவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "ஏத்தா, வெரசா வாங்க! வந்துருச்சு!"

ஒற்றைக் கருவண்டு. மூன்று பேரும் அதன் பின்னாலேயே மரம் மரமாகச் சுற்றினோம். அதற்குப் பிறகு அப்பா மருந்தை மாலையில்தான் அடித்தார்.

உறை போட்ட கொத்துகளில் பூ அநேகமாக அத்தனையும் உதிர்ந்தது. திறந்திருந்தவற்றில் காய் பிடித்தது. நான் துள்ளிக் குதித்தேன். ஆசிரியை, "ஒரு தோட்டத்தை வச்சு ஊருக்கே சொல்லிறக் கூடாது" என்று அடக்கினார். மறு வருடம் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் செய்து பார்த்த பிறகுதான் கருத்தரங்கில் பேச என் பெயரைக் கொடுத்தார். இங்கிலீஷில் பேச எனக்கு நாக்கு புரளாது என்றேன். தமிழில் பேச அனுமதி வாங்கித் தந்தார். முன்வரிசையில் துறைத் தலைவர் உட்கார்ந்திருந்தார். மருந்தடித்தபின் வண்டு வராமல் போனதைப் பற்றி அடுக்கடுக்காகக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். அந்த வருடத்திலிருந்து முதல் வருட மாணவர்களைத் தோட்ட ஆய்வுக்கு அனுப்ப அவரே பெயர் கேட்டு வகுப்புக்கு வந்தார்.

கட்டுரை அச்சானபோது ஆசிரியையின் பெயரோடு எங்கள் இருவர் பெயரும் இருந்தன. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், தோட்டம் தந்த அப்பாவும் உறை தைத்த அம்மாவும் இருந்தார்கள். வீட்டில் தமிழில் படித்துக் காட்டினேன். அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"நான் மருந்தடிச்சதையும் போட்டிருக்காகளா?" என்றார் அப்பா.

"போட்டிருக்குப்பா."

"இருக்கட்டும். நாலு பேருக்குத் தெரியட்டும்."

இப்போது நான் ஆய்வு மாணவி. எங்கள் தோட்டத்தில் காய் முன்னைவிடப் பரவாயில்லை. அது வண்டாலா, நல்ல மழையாலா என்று உறுதியாகச் சொல்ல இன்னும் என்னால் முடியவில்லை. ஆனால் பதினெட்டு வயதுப் பெண்ணின் கேள்விக்காகப் பஸ் ஏறி வந்த ஒருவரால்தான் இந்த வேலைக்குள் வந்தேன் என்பதில் சந்தேகமில்லை. மாதம் ஒருமுறையாவது அவரிடம் போனில் பேசிவிடுவேன். பெரும்பாலும் பூச்சிகளைப் பற்றித்தான்.