கவரின் நாலு மூலையிலும் மஞ்சள்

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் பதினெட்டு வருஷமாக முந்தானை ஓரத்து நூல்களைக் குச்சமாக முடிகிறாள் விஜயா. கல்யாணப் புடவை எதுவும் அவள் கைபடாமல் கீழே இறங்காது. குச்சம் முடிந்து மடித்தபிறகு, ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் தொட்டு வைப்பாள். முதலாளி சொல்லி வந்த பழக்கமில்லை. நல்ல காரியத்துக்குப் போகிற பொருள் வெறுமனே போகக்கூடாது என்பது அவளுடைய கட்சி.

ஊருக்கு வெளியே வயல் வைத்திருந்த ஜைனக் குடும்பத்தில் பிறந்தவள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கணவர் வர்த்தமான் வாலாஜாபாத் அரிசி ஆலையில் மேஸ்திரி. ஒரே பெண் சம்யுக்தா, உள்ளூர்க் கல்லூரியில் இரண்டாம் வருஷம் கணிதம். அவளுக்குச் சென்னையில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் மேல் கண். பாதிப் படிப்பில் வெளியிலிருந்து மாறி வருகிறவர்களுக்கு அங்கே மொத்தம் ஆறு இடம்தான்.

அந்த ஆறில் ஒன்றுக்கு அந்தப் பெண் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. தடையில்லாச் சான்று கேட்டால், "அங்க சீட்டு குடுத்த லெட்டர எடுத்துக்கினு வா" என்றது கல்லூரி. சீட்டு கேட்டால், முதலில் சான்றைக் கொண்டுவா என்றது பல்கலைக்கழகம். இரண்டு பேரும் சரியாகத்தான் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் கொடுமை. பாடத்திட்டம் எண்பத்திரண்டு பக்கம், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வேண்டும். போட்டோவின் அளவு சரியில்லை என்று இணையதளம் நாலு முறை துப்பியது. ஒருவழியாகச் சான்று கைக்கு வர ஏழு வாரம் ஆனது.

கடைசியில் மதிப்பெண் பட்டியல் பாக்கி. அதைக் கல்லூரியே கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்தித் தரவேண்டும், நடுவில் யாரும் பிரிக்கக் கூடாது. கல்லூரி அலுவலக சூப்பிரண்டு குமரகுரு ஒட்டிக் கொடுத்தார். சம்யுக்தா அதை சாமி அலமாரியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

விஜயா பார்த்தாள். வெள்ளைக் கவர் மொட்டையாக இருந்தது. மஞ்சளைக் குழைத்து, கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல நாலு மூலையிலும் வைத்தாள். வைத்தவள் முன்பக்கத்தோடு விட்டிருக்கலாம். பின்பக்கமும் திருப்பி வைத்தாள். மஞ்சளில் தண்ணீர் கூடிப்போயிருந்தது. பசை இளகி மடிப்பு வாயைத் திறந்தது, முத்திரை மை கலைந்து ஓடியது. பதறிப்போய் மைதா மாவைக் கரைத்து ஒட்டி, விசிறியால் காயவைத்து, கூரியர்காரனின் பிளாஸ்டிக் பைக்குள் தானே போட்டுக் கொடுத்தாள். மகள் பார்க்கவேயில்லை.

அடுத்த திங்கட்கிழமை மெயில் வந்தது. முத்திரை கலைந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை மாலைக்குள் புதிய கவர் வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

சம்யுக்தா நேரே கல்லூரிக்குப் போய்க் குமரகுருவைப் பிடித்துக் கத்தினாள். "ஒரு கவர் ஒழுங்கா ஒட்டத் தெரியாதா சார் உங்களுக்கு?" அலுவலகமே எழுந்து பார்த்ததாம். பிரின்சிபால் அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டாராம். புதுக் கவர் அடுத்த வாரம்தான் என்று குமரகுரு ஜன்னலைச் சாத்திவிட்டார்.

"என் லைஃபே போச்சும்மா, அந்தாளால" என்று மகள் அழுதுகொண்டே இருந்தாள். நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல விஜயாவுக்குத் தைரியம் வரவில்லை. செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. சோறு இறங்கவில்லை. குச்சத்தில் முடிச்சு தப்பித் தப்பி விழுந்தது. தப்பு செய்ததைவிட, பழியை இன்னொருத்தர் தலையில் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் அவளை அரித்தது.

வியாழக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோ ஏறிக் கல்லூரிக்குப் போனாள்.

"சார், நான் சம்யுக்தா அம்மா. கவரைக் கெடுத்தது நான்தான் சார். மஞ்சள் வெச்சேன். ஈரத்துல பிரிஞ்சிக்கிச்சு. எம்பொண்ணுக்கு இன்னும் தெரியாது."

குமரகுரு கண்ணாடியைக் கழற்றினார். திட்டப் போகிறார் என்று விஜயா தலையைக் குனிந்துகொண்டாள். அவரோ நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"அப்போ நான் ஒட்டுனது சரியாத்தான் இருந்திச்சா?"

"ஜம்முனு இருந்திச்சு சார்."

"மூணு நாளா தூக்கமில்லம்மா. அடுத்த மாசம் ரிட்டயர்டு. கை நடுங்குது, கண்ணு சரியில்ல, கடைசில ஒரு பொண்ணு படிப்பையே கெடுத்துட்டமேன்னு... ஜன்னலைச் சாத்துனது கோவத்துல இல்லம்மா, பயத்துல. மறுபடியும் தப்பா ஒட்டிட்டா?"

சொல்லும்போதே அவர் முகம் தெளிந்தது. அரைமணி நேரத்தில் புதுப் பட்டியல் எடுத்து, கையெழுத்து வாங்கி, ஒட்டி, மூன்று இடத்தில் முத்திரை குத்தினார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. "இத்த எடுத்துக்கினு ஸ்ட்ரைட்டா சென்னைக்குப் போங்க. தயவுபண்ணி வீட்டுப் பக்கம் மட்டும் போவாதீங்க" என்றார். விஜயாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பஸ் பிடித்து, விசாரித்து விசாரித்து, நாலு மணிக்குப் பல்கலைக்கழகத்தில் கவரைக் கொடுத்து ரசீது வாங்கினாள். வீடு திரும்பி மகளிடம் ஒன்று விடாமல் சொன்னாள்.

சம்யுக்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மஞ்சள் வெச்சது கூட ஓகேம்மா. மூணு நாளு சொல்லாம இருந்த பாரு... நான் அவர எப்படிக் கத்தினேன் தெரியுமா?" மறுநாள் காலை அலுவலகம் திறப்பதற்கு முன்னாலேயே போய் நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அம்மாவிடம் சரியாகப் பேச மேலும் இரண்டு நாள் ஆனது.

கவர் கொடுத்த பதினேழாம் நாள் சாயங்காலம், வெயில் இன்னும் மாடிச்சுவரில் இருந்தபோது மெயில் வந்தது. இடம் உண்டு, ஆனால் ஒரு பாடத்தின் பரீட்சையை மறுபடி எழுதவேண்டும். "கெடச்சிருச்சும்மா!" என்று சம்யுக்தா கத்தியதில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றது.

விஜயா சாமி அலமாரிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். மகளுக்குச் சீட்டுக் கிடைத்த சந்தோஷம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, தன் கையால் எதுவும் கெட்டுப்போகவில்லை என்கிற நிம்மதி. சம்யுக்தா அதற்குள் குமரகுருவுக்குப் போன் போட்டு அவள் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் மனிதர் சிரித்துக்கொண்டே இருந்தார். இவளும் சிரித்தாள்.

போனை வைத்ததும் விஜயாவுக்கு அகோரப் பசி. ஜைன வழக்கப்படி, பொழுது சாய்ந்தால் அந்த வீட்டில் யாரும் சாப்பிடமாட்டார்கள். விஜயா அவசரமாக தோசைக் கல்லைப் போட்டாள். மகள் எதிரே உட்கார்ந்து எண்ண எண்ண, சூரியன் இறங்குவதற்குள் அம்மா ஐந்து தோசை சாப்பிட்டாள்.