கொசுறாக வந்த பேனாக்கள்

எங்கள் வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருந்தால்தான் நான் பேசுவேன். மற்ற நாட்களில் என் குரல் எப்படி இருக்கும் என்பது சேலையூரில் யாருக்கும் தெரியாது. எனக்கு எட்டு வயது நடந்த அந்த முழுப்பரீட்சை லீவில் அப்பாவும் அத்தையும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு நாள் முழுக்க வேலை வந்துவிட்டது.

"உங்கத்தைகிட்ட சொல்லு, மோட்டாரை நிறுத்தணும்னு."

"உங்கப்பாகிட்ட சொல்லு, நிறுத்தி அரை மணி நேரம் ஆச்சுன்னு."

இருவரும் ஒரே கூடத்தில்தான் இருப்பார்கள். நான் நடுவில் நின்று, எல்லார் காதிலும் விழுந்ததை இன்னொரு முறை சொல்வேன். யாரும் என்னைத் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. என்னைப் போன்ற கூச்சக்காரிக்கு இதைவிட நல்ல உத்தியோகம் கிடைக்காது.

சண்டைக்குக் காரணம் ஒரு பேனா. அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். நகை ஆசை கிடையாது, புடவை ஆசை கிடையாது. குட்டிப் பேனாக்கள் என்றால் மட்டும் உயிர். மை ஊற்றி எழுதுகிற பேனாதான், ஆனால் விரல் நீளத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மூடியைக் கழற்றிப் பின்னால் செருகினால்தான் பிடித்து எழுதவே முடியும். தங்க நிப்பு, தங்க முலாம் பூசிய கிளிப்பு, சிலவற்றுக்கு உச்சியில் சங்கிலி மாட்ட ஒரு வளையம். சாதாரணப் பேனாவெல்லாம் அவளுக்கு உலக்கை. வட்ட பிஸ்கட் டின்னில் வெல்வெட் வெட்டுத்துண்டுகளை விரித்து, அவற்றைக் குழந்தைகள் மாதிரி படுக்கவைத்திருந்தாள். எந்தெந்தச் சீமாட்டியின் கைப்பையில் இருந்த பேனாக்களோ, எங்கள் வீட்டுக்கு வந்து தெருப் பெண்களின் கை, கழுத்து, இடுப்பு அளவுகளை எழுதிக்கொண்டிருந்தன.

அதில் ஆகச் சின்னதான கருநீலப் பேனாவை அப்பா ஒருநாள் கேட்காமல் எடுத்துக்கொண்டு பத்திரம் பதிகிற இடத்துக்குப் போய்விட்டார். அப்பா பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதினார். கார்பன் வைத்து அழுத்தி எழுதிப் பழகிய கை. அந்தக் கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நிப்பின் இரண்டு முனைகளும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி வீடு திரும்பின. அத்தை வாயைத் திறக்கவில்லை. அப்பாதான் திறந்தார்.

"ஒரு பேனாவுக்கா இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாங்க? கடையில வேற விக்காமலா இருக்கு?"

கடையில் விற்காது. அதுதான் விஷயம். அவை பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய சாமான் குவியலுக்குள், உடைந்த கண்ணாடிகளுக்கும் ஓடாத கடிகாரங்களுக்கும் நடுவில் எப்போதாவது கிடைப்பவை. அதிலும் அத்தை பேனாவின் விலையைக் கேட்கவே மாட்டாள். கேட்டால் ஏறிவிடுமாம். சாவியில்லாத பூட்டு ஒன்றைக் கையில் எடுத்து, அதற்கு மூச்சு முட்டப் பேரம் பேசுவாள். முடிந்ததும் என்னைக் காட்டுவாள்.

"கொழந்தை அந்தப் பேனாவையே பாத்துக்கிட்டிருக்கு. கொசுறாக் குடுத்துடுப்பா."

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஏக்கமாக நிற்பது என் வேலை. நடிக்க வேண்டியதில்லை, என் முகமே அப்படித்தான். வீட்டில் திறக்க முடியாத பூட்டுகள் ஒரு வாளி நிறையச் சேர்ந்திருந்தன. அம்மா அவற்றை வருஷம் ஒருமுறை தாம்பரம் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவாள்.

முன்பெல்லாம் கொசுறாக வருவதில் பாதிக்கு மூடி இருக்காது. அந்த லீவில் என்னவோ, நாங்கள் போன ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முழுசான குட்டிப் பேனா கிடைத்தது. "உன் மூஞ்சி ராசிடி" என்று அத்தை எலெக்ட்ரிக் ரயிலில் என் கன்னத்தைக் கிள்ளுவாள். வீட்டுக்குள் நுழைந்ததும் பழையபடி "உங்கப்பாகிட்ட சொல்லு" ஆரம்பமாகிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது, நாங்கள் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் சாமான் பரப்பியிருந்த தார்ப்பாய் முன்னால் ஒருவர் குந்தியிருந்தார். கையில் ஒரு பச்சைப் பேனா, கண்ணில் பூதக்கண்ணாடி. அத்தைக்கு முகம் செத்துவிட்டது. அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததில்லை, வெயிலில் உள்ளே தண்ணீர் ஆடுவது போலிருந்தது. அவர் விலை கேட்டார்.

"அது இல்ல சார். வித்துடுச்சு" என்றார் கடைக்காரர்.

"இங்கதானே இருக்கு?"

"கீது சார். ஆனா வித்துடுச்சு."

வந்தவர் விலையை ஏற்றிக்கொண்டே போனார். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் இரைச்சலோடு ஒரு விமானம் தாழ்ந்து போனது. அவர் வாய் அசைந்தது, கடைக்காரர் தலை ஆடியது, கடைசியில் பேனாவை வைத்துவிட்டுக் கோபமாக எழுந்து போனார். அத்தை ஒன்றும் நடக்காதது போலப் பூட்டை எடுத்தாள். பேரம் முடிந்தது. கடைக்காரர் தானாகவே பச்சைப் பேனாவை என் கையில் வைத்தார்.

"இந்தா பாப்பா, கொசுறு."

அத்தனை நாள் செய்தி சொல்லிச் சொல்லி எனக்கும் குரல் பழகிவிட்டிருந்தது போல. "வித்துடுச்சுன்னு சொன்னீங்களே?" என்று கேட்டுவிட்டேன்.

"அட, இது பேசுமா!" என்றார் அவர்.

அத்தை பூட்டைக் கீழே வைத்தாள். "யாருக்கு வித்தே?"

"வுடுக்கா."

"யாருக்குன்னு கேக்குறேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "பேஜாராப் போச்சே! ஒரு சார்க்கா. கட தொறக்கறப்பவே வந்து நிப்பாரு. பேனாவைப் பத்தி ஒண்ணுந் தெரியாது. அழுத்தி எழுதினா நிப்பு வளையுமா, வளையாததா ஒண்ணு குடுன்னு உசுர வாங்குவாரு. துட்டக் குடுத்துட்டு, பேனாவ இங்கயே வெச்சுட்டுப் பூடுவாரு. அவ்ளோதான், மேல கேக்காத."

அத்தை மேலே கேட்கவில்லை. பூட்டுக்கு அவர் முதலில் சொன்ன விலையையே கொடுத்தாள். ரயிலில் பேனாவைத் திறந்துகூடப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். அழகான பேனா கிடைத்தும் ஏன் இப்படி என்று எனக்குக் கவலையாக இருந்தது. ஜலதோஷம் என்றாள்.

ராத்திரி அப்பா சாப்பிட உட்கார்ந்தார். "மோர் இருக்கான்னு உங்கத்தையைக் கேளு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

"மோர் புளிச்சிடுச்சு. தயிர் போடட்டுமா, அண்ணா?"

அப்பா நிமிரவில்லை. "போடு" என்றார்.

அவ்வளவுதான். என் உத்தியோகம் போய்விட்டது. அவர்கள் மோட்டாரைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள், என்னை யாரும் கூப்பிடவில்லை. அத்தை மட்டும் வழக்கம்போல வெள்ளிக்கிழமைகளில் பூட்டு வாங்கினாள். பேனாவும் கொசுறாக வந்துகொண்டிருந்தது.

பழைய மரியாதையைத் திரும்பப் பிடிக்க நினைத்து, ஒருநாள் சாப்பாட்டின்போது நானே பேச்சை எடுத்தேன். சந்தையில் ஒரு ஆள் வாராவாரம் காசு கொடுத்துப் பேனா வாங்கி, அதை எடுத்துப் போக மறந்துவிடுகிறார் என்று சொன்னேன்.

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அப்படியா? பாவம். ஞாபகமறதி ஆளா இருப்பான்."

"வல்லாரைக் கீரை சாப்பிடச் சொல்லணும்" என்றாள் அத்தை, சுவரைப் பார்த்து.

அம்மாவுக்குப் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டே அடுக்களைக்குள் ஓடினாள்.

எனக்கு அந்த ஆளை நினைத்தால் மனசு கேட்கவில்லை. படுக்கும் முன் சாமி படத்தின் முன்னால் நின்று, பெயர் தெரியாததால் 'பேனாவை மறக்கிறவர்' என்று சொல்லி, அவருக்கு நல்ல ஞாபகசக்தி கொடு என்று வேண்டிக்கொண்டேன்.

சாமி காதில் விழவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் அவர் மறந்துவிட்டுப் போயிருந்தார்.