ஐம்பத்தேழு கிலோக் கூட்டம்

கண்டி மஹய்யாவவில் போய் நிரஞ்சன் வீடு எது என்று கேட்டால், கேஸ் சிலிண்டர் தூக்குகிற நிரஞ்சன்தானே என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். லொறி ஏறாத சந்துகளிலும், படிக்கட்டுகளின் உச்சியில் தொங்குகிற வீடுகளிலும் அடுப்பெரிவது அவன் தயவில். முப்பதை நெருங்குகிற வயது, ஒல்லியான உடம்பு. அவன் படியேறுவதைக் கீழேயிருந்து பார்த்தால், சிலிண்டருக்கு இரண்டு கால் முளைத்து அது தானாக நடந்து போகிற மாதிரி இருக்கும் என்று அவன் மனைவி சுதர்சினியே சொல்லிச் சிரிப்பாள்.

வேலை முடிந்து குளித்தபிறகு, கிழமைக்குச் சில நாட்கள் அவன் குண்டசாலை பஸ்ஸில் ஏறுவான். அங்கே ஒரு டயர் கடையின் மேல்மாடியில் ஹபீல் என்பவர் எம்.எம்.ஏ. பழக்குகிறார். குத்து, உதை, மல்லுக்கட்டு மூன்றும் கலந்த சண்டை அது. அடித்தும் ஜெயிக்கலாம், கீழே தள்ளிக் கழுத்தையோ கையையோ மடக்கியும் ஜெயிக்கலாம். மாட்டிக்கொண்டவன் தாங்க முடியாமல் கையால் தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

நிரஞ்சன் அங்கே போக ஆரம்பித்து இரண்டு மூன்று வருடத்துக்குள், கண்டிப் பக்கத்தில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்ற முடிவுக்கு வந்திருந்தான். அப்படி யாரும் அவனிடம் சொன்னதில்லை. அந்த மேல்மாடியில் அவனுடைய எடையில் வேறு ஆளே இருக்கவில்லை, அவ்வளவுதான். அவனோடு கூடப் போகிற அஸ்ஃபர், மஹய்யாவச் சந்தியில் பேக்கரி வைத்திருப்பவன். தன் கடைப் பணிஸில் பாதியைத் தானே தின்று வளர்த்த உடம்பைக் குறைக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதால் சேர்ந்தவன். பயிற்சி நேரத்தில் பெரும்பாலும் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்குவான்.

கண்டிச் சுற்றுவட்டாரத்துக் கழகங்கள் எல்லாம் சேர்ந்து முதல் தடவையாக ஒரு போட்டி வைத்தபோது, நிரஞ்சன் மெடலை எந்தச் சுவரில் மாட்டுவது என்று சுதர்சினியிடம் கேட்டுவிட்டே கிளம்பினான். அஸ்ஃபர் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான்.

மண்டபத்தில் எடை பார்க்க ஆரம்பித்தார்கள். ஐம்பத்தேழு கிலோவும் அதற்குக் குறைவும் உள்ளவர்கள் இந்தப் பக்கம் வாருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் பாதி மண்டபம் எழுந்து நின்றது. நிரஞ்சன் திரும்பிப் பார்த்தான். தோட்டத்து ஆட்கள், முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர்கள், துணிக்கடைச் சிப்பந்திகள், கொத்தனார்களின் கையாட்கள். எல்லாரும் அவனைப் போலவே மலையேறி இறங்கியே வற்றியவர்கள். எல்லாருடைய முகத்திலும் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற அதே களை.

மறுகோடியில், கனத்த எடைக்காரர்களின் பக்கத்தில், ஒரே ஒருவர் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிராளி இல்லை. ஏற்பாட்டாளர்கள் மண்டபத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார்கள். எல்லாருடைய கண்ணும் அஸ்ஃபரில் வந்து நின்றது. ஹபீலும் தலையாட்டினார். அங்கிருந்த டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகாது என்றார்.

நிரஞ்சனுக்கு முதல் சண்டையில் வந்தவன் ஹேவாஹெட்டவைச் சேர்ந்த ரவிகுமார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துச் சாக்குகளை லொறியில் தூக்கிப் போடுகிற வேலை. கட்டை மீசை, மிகுந்த மரியாதை. சண்டை நடக்கிற கம்பிக் கூண்டுக்குள் போகுமுன், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று நிரஞ்சனை விசாரித்தான். மணி அடித்ததும் அதே மரியாதையோடு அவனை இடுப்பில் பிடித்துத் தூக்கி, ஒரு சாக்கை வைப்பது போலக் கீழே வைத்து, கழுத்தை மடக்கினான். நிரஞ்சன் தட்டினான். அடுத்த சண்டையில் ரவிகுமார் அக்குறணையில் போன் திருத்துகிற நஸீமிடம் தோற்றான். அதற்கடுத்ததில் நஸீம் வேறொருவனிடம் தோற்றான். நிரஞ்சன் வாசற்படியில் உட்கார்ந்து, தன்னை ஜெயித்தவனை ஜெயித்தவனை ஜெயித்தவன் யார் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, பாதியில் விட்டுவிட்டான்.

அஸ்ஃபரின் சண்டை அதைவிடச் சீக்கிரம் முடிந்தது. எதிராளி அவனைத் தள்ளிவிட்டு நெஞ்சின்மேல் உட்கார்ந்தார். அஸ்ஃபர் இரண்டு கையாலும் தட்டினான். இரண்டே பேர் போட்டியிட்ட வகுப்பு என்பதால் அவனுக்கு வெள்ளி மெடல். மெடலோடு எடுத்த படம் மறுநாளே பெரிதாக்கப்பட்டு, பேக்கரிக் கண்ணாடி அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. பாண் வாங்க வந்தவர்கள் எல்லாம் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். நிரஞ்சன் அதன் கீழே நின்று பிளேன்டீ குடிக்க வேண்டியிருந்தது.

"நான் என்ன செய்ய மச்சான்? மொத்தமே ரெண்டு பேர்தானே ஈந்த," என்றான் அஸ்ஃபர். அவனுக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. "கீழதான் நெரிசல். நீ கனத்தக் கூட்டிக்கிட்டு வா. மேல எடம் நெறைய ஈக்கி."

அந்த வார்த்தை நிரஞ்சனின் மனதில் ஒட்டிக்கொண்டது. அஸ்ஃபரின் எடைக்குப் போக ஒரு ஜென்மம் போதாது. ஆனால் அறுபத்தாறு கிலோ வகுப்பில் அன்றைக்கு நாலைந்து பேர்தான் நின்றார்கள். அதற்குள் நுழைந்துவிட்டால் ஒரு மெடலாவது வராமல் போகாது என்று அவன் தின்னத் தொடங்கினான். காலையில் தேங்காய் ரொட்டி, பத்து மணிக்குப் பேக்கரியில் மீன் வைத்த மாலு பாண், மத்தியானம் மலைபோலச் சோறு, அந்திக்கு முந்தின நாள் மிஞ்சிய, சீனி தூவிய கிம்புலா பணிஸ். உடம்பு ஏறத்தான் செய்தது. ஏறியதெல்லாம் வயிற்றில் மட்டும் ஏறியது. பாதிப் படியில் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினான். உச்சி வீட்டு அம்மா ஒருத்தி அவனை மேலும் கீழும் பார்த்து, எத்தனை மாசம் என்று கேட்டாள். சுதர்சினி அவனுடைய காற்சட்டைகளைத் தளர்த்தித் தைத்துக் கொடுத்தாள். தைக்கும்போது அவளுடைய தோள் சிரிப்பில் குலுங்கியதை அவன் பார்த்தான்.

அடுத்த வருடப் போட்டிக்கு அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் அறுபத்தாறு கிலோ வரிசையில் நின்றான். வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. முன்னால் நிற்கிற முதுகுகள் எங்கேயோ பார்த்தவை போலத் தெரிந்தன. நேர் முன்னால் நின்றவன் திரும்பினான். கன்னம் உப்பிய ரவிகுமார்.

"நீங்களுமா?" என்றான் நிரஞ்சன்.

"அங்க கூட்டம் தாங்கலைங்க. இங்க காலியா இருக்குன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

ரவிகுமார் வரிசையை ஒருமுறை முன்னும் பின்னும் பார்த்தான். "எல்லாருக்கும்தான் சொல்லியிருக்காங்க போல."

போன வருடம் ஐம்பத்தேழில் நெருக்கியடித்த கூட்டம் முழுவதும் ஒரு வருடமாகத் தின்றுகொண்டு இருந்திருக்கிறது. நஸீம்கூட அங்கே நின்று, வயிற்றை உள்ளே இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். இந்தத் தடவை ஐம்பத்தேழு கிலோவில் மூன்றே பேர். அவர்களில் ஒருவர் கட்டுகஸ்தோட்டையில் தையற்கடை வைத்திருக்கிற நாற்பது வயதுக்காரர், பெயர் தாஸிம். பஸ் பிந்தி வியர்த்துக்கொண்டு வந்து சேர்ந்து, ஒரு சண்டையில் தோற்று, வெண்கலத்தோடு வீட்டுக்குப் போனார்.

நிரஞ்சனுக்கு எதிராகத் திகனையிலிருந்து சுவர் கட்டுகிற மேசன் ஒருவன் வந்தான். அவனுக்கு அறுபத்தாறு கிலோ என்பது பிறவியிலேயே வாய்த்தது, எலும்பும் தசையுமாக ஒழுங்காகப் பரவியிருந்தது. சண்டையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ரவிகுமாரும் அடுத்த கூண்டில் அதே கதியை அடைந்தான். இரண்டு பேரும் மண்டபத்துக்கு வெளியே மதிலில் உட்கார்ந்து, அஸ்ஃபர் கொண்டுவந்த ரோல்ஸைத் தின்றார்கள். ரவிகுமார் எங்கே பழகுகிறான் என்று நிரஞ்சன் கேட்டான்.

"எங்க ஊர்ல இதுக்கு ஆளே இல்லீங்க," என்றான் ரவிகுமார். "சாக்கோடதான் மல்லுக்கட்டுறேன்."

தன்னைச் சாக்கு மாதிரி ஏன் தூக்கினான் என்று நிரஞ்சனுக்கு அப்போதுதான் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் குண்டசாலைக்கு வரச் சொன்னான். அடுத்த ஞாயிறே ரவிகுமார் இரண்டு பஸ் மாறி வந்துவிட்டான். அவன் சொல்லி நஸீம் வந்தான், நஸீம் சொல்லி இன்னும் சிலர் வந்தார்கள், தாஸிமும் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்தபடி வந்து சேர்ந்தார். எடை கூட்டத் தின்பதை எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். சில மாதத்தில் அந்த மேல்மாடி முழுக்க ஐம்பத்தேழு கிலோ. ஒருவன் வியர்வை துடைக்கக் கையை நீட்டினால் இன்னொருவனின் முகத்தில் பட்டது.

நிரஞ்சன் அங்கே எல்லாரிடமும் அடிவாங்கினான். ரவிகுமார் தூக்கி வைத்தான், நஸீம் போன் திருகாணி கழற்றுகிற நிதானத்தோடு அவனுடைய மணிக்கட்டைக் கழற்றப் பார்த்தான், தாஸிம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கழுத்தைப் பிடித்தார். ஹபீல் எல்லாரையும் ஒருவரோடொருவர் மோதவிட்டு வரிசை போட்டபோது, நிரஞ்சன் ஏழாவது ஆளாக வந்தான். சுதர்சினி அதைப் பக்கத்து வீட்டில் சொன்னாள். அவர்கள் ஏதோ சோதனை எழுதி வந்த இடம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்கள்.

அந்தச் சமயத்தில் கொழும்பில் ஒரு பெரிய போட்டிக்கு அழைப்பு வந்தது. ஒரு கழகத்திலிருந்து ஒவ்வொரு எடைக்கும் ஒரே ஆள். முதலாவதாக இருந்தவனுக்கு அன்றைக்குத்தான் கட்டார் வேலைக்கான நேர்முகம். இரண்டாமவனுக்குத் தங்கையின் கல்யாணம். நஸீமுக்கு விரல் வீங்கியிருந்தது. கொழுந்து கொட்டுகிற காலம் என்று ரவிகுமாருக்கு லீவு கிடைக்கவில்லை. இன்னொருவனுக்குக் காய்ச்சல். தாஸிமின் கடையில் பள்ளிக்கூடச் சீருடைகள் குவிந்து கிடந்தன. ஹபீல் நிரஞ்சனுக்குப் போன் எடுத்தார்.

"வேற ஆள் இல்ல தம்பி. நீங்க போறீங்களா?"

கேட்ட விதத்தில் நிரஞ்சனுக்கு லேசாக மனம் சுருங்கியது. போகிறேன் என்றுதான் சொன்னான்.

கொழும்பில் அவனுக்கு எதிராக நின்றவன் அந்த ஊர்ச் சம்பியன். பளபளக்கிற காற்சட்டை, தண்ணீர்ப் போத்தல் பிடிக்க ஒரு ஆள், விசிறிவிட இன்னொரு ஆள். அவனுடைய கழகத்தில் அந்த எடையில் அவனைத் தவிர இரண்டு பேர்தான் என்று பிற்பாடு தெரிந்தது. மணி அடித்ததும் அவன் நிரஞ்சனை இறுக்கிப் பிடித்தான். சரி, இனித்தான் வலிக்கப்போகிறது என்று நிரஞ்சன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். வலி வரவில்லை. அதுதான் அவனுடைய முழுப் பிடியே என்று புரிய ஒரு கணம் எடுத்தது. ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தில் கை தானாகப் போய்க் கழுத்தைச் சுற்றியது. சம்பியன் தட்டினான். நிரஞ்சன் விடாமல் நடுவரைப் பார்த்தான். என்ன நடந்தது என்று அவர்தான் சொல்லி விடுவிக்க வேண்டியிருந்தது.

அடுத்தவனும் அப்படித்தான். இறுதிச் சண்டையில் மட்டும் உதடு கிழிந்தது. தங்க மெடலைக் கழுத்தில் போட்டபோது, வேறு யாருடைய சட்டையையோ தவறிப் போட்டுக்கொண்ட மாதிரி அவனுக்குக் கூசியது. மேடையை விட்டு இறங்கியதும் ரவிகுமாருக்குத்தான் முதலில் போன் எடுத்தான்.

"ரவி, உங்க பிடியில பாதிகூட இல்லங்க இவங்க பிடி."

அந்தப் பக்கம் லொறி இரைந்தது. ரவிகுமார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாவங்க, சாக்கு கிடைக்காத ஊரு," என்றான்.

மஹய்யாவ அவனைச் சும்மா விடவில்லை. அஸ்ஃபர் பேக்கரியில் தன் படத்தைக் கொஞ்சம் தள்ளி மாட்டி, நிரஞ்சனின் படத்துக்கும் இடம் கொடுத்தான். சிலிண்டர் இறக்கப் போன வீடுகளில் எல்லாம் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்கள். சண்டைக்காரன் கையால் கேஸ் மாட்டினால் சீக்கிரம் தீராது என்று யாரோ ஒரு கதையும் கட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் மெடலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு குண்டசாலைக்குப் போனான். எல்லாரும் அதை வாங்கிப் பார்த்தார்கள், தாஸிம் நாடாவின் தையலைக் குறை சொன்னார், ஹபீல் தோளில் தட்டினார். பிறகு பயிற்சி ஆரம்பமானது. ரவிகுமார் தூக்கி வைத்தான். நஸீமின் விரல் குணமாகியிருந்தது. தாஸிம் சீருடை வேலை முடிந்த சந்தோஷத்தை அவனுடைய கழுத்தில் காட்டினார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியவனின் முதுகில் சுதர்சினி எண்ணெய் தடவிவிட்டாள். தங்கம் வாங்கியதற்குப் பிறகும் அங்கே ஏழாவது ஆள்தானா என்று கேட்டாள்.

"எட்டு," என்றான் நிரஞ்சன். "பேராதனைப் பக்கமிருந்து புதுசா ஒரு தபால்காரர் வந்திருக்காரு."

அவனுக்கு அதில் என்ன இவ்வளவு சந்தோஷம் என்று அவளுக்கு விளங்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சோறு போடப் போனாள்.