திருப்புவனத்தில் அவிழ்த்த முடிச்சு

1936 மே 20, புதன்கிழமை. அப்பா வழக்கம்போல் விடியுமுன் எழுந்து குளித்து, சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். கடைக்குப் போகிற நாட்களில் இதன் பிறகு, "அக்கா, கொஞ்சம் உள்ள இரு" என்பார். இளவயதிலேயே கணவனை இழந்த அத்தை எதிரே வந்தால் போகிற காரியம் ஆகாது என்று எங்கள் தெருவே நம்பியது. அத்தையும் பேசாமல் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள். அன்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தையின் அஸ்தி சிறிய மண்கலயத்தில், வாய் துணியால் கட்டப்பட்டு, அப்பாவின் கையில் இருந்தது.

அப்பா, சித்தப்பா, நான் மூவரும் மதுரையில் ராமேசுவரம் ரயில் ஏறினோம். எனக்கு எட்டு வயது. பாம்பன் பாலத்தையும் கடலையும் பார்க்கப் போவதாகத் தெருப் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தேன். வெயில் ஏற ஏறப் பெட்டியில் எல்லோரும் வாடிக் கிடந்தார்கள். சித்தப்பா மட்டும் ஜன்னலில் தெரிந்ததற்கெல்லாம் கதை சொன்னார். யானைமலை, சமணர் ஏவிய யானை கல்லானது என்றார். திருப்புவனத்தில் தென்னந்தோப்புக்கு அப்பால் கோயிலைக் காட்டினார்.

"ஒருத்தன் அப்பன் அஸ்தியை ராமேசுவரத்துக்குக் கொண்டு போறப்ப இங்க தொறந்து பாத்தானாம். அம்புட்டும் பூவா இருந்துச்சு."

"பெறகு ராமேசுவரம் போனானா?"

"எதுக்கு? இங்கயே ஆத்துல கரைச்சுட்டு வீட்டுக்குத் திரும்பிட்டான்."

எனக்குக் கடல் பார்க்கக் கிடைக்காதோ என்றாகிவிட்டது. அத்தை பூவாகிவிடக் கூடாது என்று மீனாட்சியை வேண்டிக்கொண்டேன். சித்தப்பா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "பயப்படாதடா. எங்க அக்கா வாய்க்குக் கத்தாழை பூத்தாலே பெருசு."

"வாய மூடுறா. உன்னையும் என்னையும் வளத்தவ அவ" என்றார் அப்பா. கோயில் கதை என்றாலே எரிச்சல்படுகிறவர், மடியிலிருந்த கலயத்தின் முடிச்சை மெல்ல அவிழ்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சாம்பலும் எலும்புத் துண்டுகளும்தான்.

"நல்லவேளை, பூக்கலை" என்றேன்.

அப்பா துணியைத் திரும்பக் கட்டினார்; முடிச்சு நழுவ, மறுபடியும் கட்டினார். வண்டியின் ஆட்டம் என்று நினைத்தேன்.

பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது நான் கூச்சல் போட்டேன். அப்பா குனிந்த தலை நிமிரவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கடலைப் பார்க்காத மனிதர் உண்டா என்று எனக்கு அவர்மேல் வருத்தம்தான்.

மறுநாள் காலை சத்திரத்தில் எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், அப்பா முதலில் அந்த முடிச்சை இன்னொரு முறை அவிழ்த்துப் பார்த்தார்.