மூன்று பெயரும் வந்தால்தான் முடிந்தது

புன்னைக்காயலிலிருந்து காலையில் போன் வந்தது. பேசியவர் ரோசலினின் கணவர். "அண்ணாச்சி, ரோசி நேத்து தவறிட்டா. அவ போன்ல உள்ள எல்லாருக்கும் வரிசையாச் சொல்லுதேன். ஒருத்தரையும் விட்றாதீங்கன்னு ஆஸ்பத்திரியிலயே சொன்னா."

துறைமுகச் சாலையில், ஏற்றுமதிச் சரக்குக்குக் காகித வேலை பார்க்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பல வருடங்கள் எனக்கு அடுத்த மேசை ரோசலினுக்கு. நான் கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவன். அவர் சரக்குக் காகிதங்களைப் பார்ப்பவர். ஒரு கண்டெய்னருக்குக் காகிதம் தயாரானதும், அதில் சரக்கு ஏற்றியிருக்கும் ஒவ்வொருவரையும் போனில் அழைத்து, விவரத்தை வாசித்துக் காட்டிய பிறகே அனுப்புவார். கம்ப்யூட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று கேலி செய்வேன். "கம்ப்யூட்டரு எல்லாத்துக்கும் ஆமாம்னு சொல்லும் அண்ணாச்சி. ஆளுதான் இல்லைன்னு சொல்லும்" என்பார்.

சரக்கு விவரம் எங்களுக்கு எக்ஸ்எம்எல் என்ற வகைக் கணினிக் கோப்பாக வரும். அதைக் கப்பல்காரர்கள் கேட்கும் வடிவத்துக்கு மாற்ற ஒரு நிரல் எழுதினேன். ஒரு வாரம் உப்புச் சரக்கை வைத்தே சோதித்தேன். எங்களிடம் அதிகம் வருவது அதுதான். உப்பு முழுக் கண்டெய்னராகப் போகும், பெட்டிக்கு ஒரே சொந்தக்காரர். எல்லாம் சரியாக வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நிரலை ஓட விட்ட மறுநாள் மதியம், நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார் ரோசலின். "இந்தப் பெட்டியில மூணு பேரு சரக்கு இருக்கு. உங்க தாள்ல ஒரு பேருதான் இருக்கு." கருப்பட்டி வியாபாரியின் பெயர் இருந்தது. முந்திரி இனிப்பான மக்ரூன் விற்கும் கடைக்காரரும், ஓலைக்கூடை முடையும் பெண்கள் குழுவும் இல்லை. அந்தப் பெண்களுக்கு அது முதல் ஏற்றுமதி. காகிதம் ஒப்படைக்க ஒரு மணி நேரமே இருந்தது.

சர்வர் கோளாறு என்று கூசாமல் பொய் சொன்னேன். அவர் நகரவில்லை. "எங்க ஊர்ல ஒரு மீன்பிடி வல்லத்துல மூணு பேருக்குப் பங்கு இருக்கும். மொத ஆளை மட்டும் கூப்பிட்டுட்டு மத்தவங்களக் கரையில நிறுத்துவீங்களா?"

கோப்பைத் திறந்தேன். சரக்கின் உரிமையாளரைக் குறிக்கும் ஒரே இடத்துக்குள், இடைவெளி விட்டு மூன்று அடையாள எண்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆளைச் சுட்டுவது. என் நிரல் முதல் எண்ணோடு நின்றிருந்தது. இடைவெளிகளில் பிரித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் உரியவரைத் தேடும்படி மாற்றினேன். இதற்கிடையே மேலாளர் வந்து தாமதம் ஏன் என்று கேட்டபோது, "நாங்க ரெண்டு பேரும் சரிபாக்கோம் சார்" என்றார் ரோசலின். அன்று அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் என் வேலை போயிருக்கும். மூன்று பெயரோடும் பெட்டி கப்பலேறியது. அதைப் பற்றி அவர் பிறகு ஒரு சொல்லும் பேசியதில்லை. நானும் நேராக நன்றி சொல்லவில்லை. அது இப்போது உறுத்துகிறது.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். மாதா கோயில் வாசலில் கருப்பட்டி வியாபாரி நின்றிருந்தார். பக்கத்தில் மக்ரூன் கடைக்காரர். சற்றுத் தள்ளி ஓலைக்கூடைப் பெண்கள் ஏழெட்டுப் பேர். ரோசலினின் கணவர் ஒருவரையும் விட்டிருக்கவில்லை.

அந்தப் பழைய கோப்பை நான் அழிக்கவில்லை. எந்த நிரலை எழுதினாலும் அதை வைத்துத்தான் முதலில் சோதிக்கிறேன். மூன்று பெயரும் வந்த பிறகு, ரோசலின் செய்ததுபோலவே போனை எடுத்து மூவரையும் அழைத்து, விவரத்தை வாசித்துக் காட்டுகிறேன்.