மாயம்மாள் பொய் சொல்லவில்லை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டைக் காலையில் கூட்டுகிற பெண்களில் மாயம்மாளின் கைக்குத் தனி வேகம் இருந்தது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கொச்சிக்குத் துப்புரவு வேலைக்கு வந்தவர்களின் மகள் அவள். பிறந்தது, வளர்ந்தது, சுமை தூக்கும் தொழிலாளி பிச்சையைக் கட்டிக்கொண்டது எல்லாம் பக்கத்திலிருக்கும் கூவப்பாடத்தில்தான்.

இரண்டாயிரமாவது ஆண்டு மழைக்காலம் முடிந்தபோது அவள் கண்ணிமைகள் கத்தரிப்பூ நிறத்தில் தடித்தன. பிறகு விரல் முட்டிகளின் மேல் சிவந்த தடிப்புகள் வந்தன. வெயில் பட்டால் கழுத்தும் மார்பும் எரிந்தன. பிளீச்சிங் பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். கையுறை போட்டாள், களிம்பு தடவினாள். கொஞ்சம் அடங்கும், மறுபடி பொங்கும்.

தோலைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. தலைவாரத் தூக்கிய கை பாதியிலேயே இறங்கிவிட்டது. ஒருநாள் குப்பை வண்டியை மேட்டில் ஏற்ற முடியாமல் நடுத்தெருவில் நின்றாள். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. மேற்பார்வையாளர் நாணு ஓடிவந்தார்.

"எந்தா மாயம்மா, தோலுல சொறி வந்தா காலுக்கு என்ன கேடு? வேல செய்ய மடின்னா மடின்னு சொல்லு."

"மடி இல்ல சாரே. சத்தியமா வய்யா, முடியல. காலு என் பேச்சக் கேக்க மாட்டேங்குது."

அவர் நம்பவில்லை.

கடைசியில் அவள் போய்ப் பார்த்த தோல் மருத்துவர் அம்பிளி, படிப்பை முடித்துச் சில வருடங்களே ஆன பெண். இமையையும் விரல்களையும் பார்த்ததும் களிம்பு எழுதவில்லை. "கை ஊனாம ஸ்டூல்லேர்ந்து எழுந்திரிங்க சேச்சி" என்றார். மாயம்மாளால் முடியவில்லை. தோலையும் தசையையும் சேர்த்துத் தாக்குகிற அழற்சி இது என்று அம்பிளி சந்தேகப்பட்டார். ஆனால் ரத்தப் பரிசோதனையில் தசை கெட்டதற்கான அடையாளம் எதுவும் இல்லை. தோளிலிருந்து எடுத்த சிறு தசைத் துண்டும் சுத்தமாக இருந்தது.

"எல்லாம் நல்லாருக்குன்னுதானே சொல்றாங்க?" என்று பிச்சை தயங்கித் தயங்கிக் கேட்டான். மாயம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நாணு பேசியதைவிட அவன் கேட்டதுதான் அவளுக்கு வலித்தது.

அம்பிளி விடவில்லை. "இந்த நோய் தசை முழுக்க இருக்காது சேச்சி. திட்டுத் திட்டாத்தான் இருக்கும். நாங்க எடுத்த எடத்துல அது இல்லாம போயிருக்கலாம். எம்.ஆர்.ஐ. படம் எடுத்தா எங்க இருக்குன்னு தெரியும்."

படத்துக்கான பணத்துக்கு யூனியன்காரர்கள் உதவினார்கள். பிச்சையும் அவளும் படகேறி எர்ணாகுளம் போனார்கள். ஸ்கேன் அறை வாசலில் நகை எதுவும் கூடாது என்றாள் நர்ஸ். மாயம்மாள் தாலியைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இத மட்டும் கழட்ட மாட்டேன்."

பிச்சை கையை நீட்டினான். "இங்க கொடு. நீ வர்ற வரைக்கும் நான் போட்டுக்கறேன்." சொன்னபடியே தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வராந்தாவில் எல்லார் பார்வைக்கும் நடுவே விறைப்பாக உட்கார்ந்தான். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

குழாய்க்குள் சம்மட்டி அடிக்கிற சத்தம். கண்ணை இறுக மூடிக் கிடந்தாள்.

மறுநாள் அம்பிளி படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். மாயம்மாளின் இரண்டு தொடைகளும் குறுக்கே வெட்டியதுபோல் தெரிந்தன. கருஞ்சாம்பல் தசைக்குள் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள் மேகம்போல் ஒளிர்ந்தன.

"வெள்ளையா இருக்கற எடமெல்லாம் வீங்கியிருக்கு சேச்சி. இவ்வளவு நாளும் இந்தக் கால வெச்சுக்கிட்டா வண்டி தள்ளினீங்க?"

நோய் இருக்கிறது என்று கேட்டவள் அழவில்லை, கையைத் தட்டினாள். "பாத்தீங்களா! நான் பொய் சொல்லல!" பிச்சைதான் தலையைக் குனிந்துகொண்டு அழுதான்.

வெள்ளைத் திட்டு இருந்த இடத்திலிருந்தே இம்முறை தசை எடுத்தார்கள். சந்தேகம் தீர்ந்தது. முடிவு வந்த மறுநாள் காலையிலேயே மாயம்மாள் படத்தோடு வேலையிடத்துக்குப் போனாள். பெண்கள் சூழ்ந்துகொள்ள, அதை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நாணு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"என்டெ தெற்று மாயம்மா" என்று எல்லார் முன்னாலும் தவறை ஒத்துக்கொண்டார். விடுப்பையும் அவரே அலைந்து வாங்கித் தந்தார்.

மாத்திரையில் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. இந்த நோயோடு சிலருக்குப் புற்றுநோயும் இருக்கும் என்பதால், உடம்பில் எங்காவது கட்டி ஒளிந்திருக்கிறதா என்றும் தேடினார்கள், இல்லை. தினமும் பிச்சை அவள் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, அவள் காலை நீட்டி மடக்கினாள். தன் பின்னலைத் தானே போட்ட அன்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் சாயா போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வருடம் இரண்டாவது படம் வந்தது. வெள்ளை எங்கும் இல்லை. அம்பிளி பக்கத்து அறை மருத்துவர்களைக் கூப்பிட்டு இரண்டு படங்களையும் அருகருகே காட்டினார். "ஒரே ஆள்" என்று அவர் சொன்னபோது, "ஆமா, நான்தான்" என்று மாயம்மாள் மார்பில் தட்டிக்கொண்டாள்.

மாத்திரைகள் மெல்லக் குறைந்து நின்றுபோயின. 2005 ஓணத்துக்குத் துப்புரவுப் பெண்கள் வடம்வலி என்கிற கயிறிழுப்புப் போட்டியில் இறங்கினார்கள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் மாயம்மாள் பெயர் கொடுத்திருந்தாள். எதிரில் மீன் கம்பெனிப் பெண்கள், ஆளுக்கு ஆள் கனம். விசில் ஊதியதும் கயிறு அந்தப் பக்கம் நகர்ந்தது. மாயம்மாள் குதிகாலை மண்ணில் புதைத்தாள். தொடை இறுகியது, நடுங்கவில்லை.

"வலி! வலி!" என்று இழுக்கச் சொல்லிக் கூட்டம் கத்தியது. கயிறு நின்றது, பிறகு அங்குலம் அங்குலமாக இந்தப் பக்கம் வந்தது. கடைசியில் எதிரணி மொத்தமும் முன்னால் வந்து விழுந்தது.

பரிசு ஒரு நேந்திர வாழைக்குலை. அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு, செண்டைமேளம் முன்னே போக, மாயம்மாள் கூவப்பாடம் வரை நடந்தாள்.