ஏத்தமா, வத்தமா

அபிசாய் சுமை வண்டி ஓட்டுகிறவர். எங்கள் தீவின் லெவுக்காத் துறையில் கப்பல் வந்தால் சிமென்டும் மாவும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். சில வருடங்களுக்கு முன் சிறுநீர்ப்பையில் புற்று என்றார்கள். சென்னைக்குப் போய் அந்தப் பையை எடுத்துவிட்டு, தன் குடலிலிருந்தே ஒரு துண்டை வெட்டித் தைத்த புதுப்பையோடு திரும்பினார். புற்று போய்விட்டது. ஊரும் அத்தோடு கதையை முடித்துக்கொண்டது.

பைக்குத்தான் இன்னும் வேலை பழகவில்லை. நிறைந்தாலும் அது சொல்லாது. கைபேசியில் நேரம் குறித்து வைத்த மணி அடித்தால் போக வேண்டும். தென்னை மரத்தடியில் நின்று போகிற வழக்கம் இனி இல்லை; உட்கார்ந்து, அடிவயிற்றை அழுத்தி, காத்திருக்க வேண்டும். பகலைச் சமாளித்துவிடுவார். அயர்ந்து தூங்கினால் படுக்கை நனைந்துவிடும். அயர்ந்து தூங்கவைப்பதில் நாங்கள் கூடிக் குடிக்கிற யங்கோனாவை மிஞ்ச எதுவும் இல்லை.

சனிக்கிழமை மதியம் விலிகேசா வீட்டுக் கொட்டகையில் வட்டமாக உட்காருவோம். யங்கோனா வேர்த்தூளை மரத்தொட்டித் தண்ணீரில் பிசைந்து, சிரட்டையில் மொண்டு ஒவ்வொருவருக்கும் கொடுப்பவர் விலிகேசா. கொடுக்குமுன் கேட்க வேண்டும்: "ஏத்தமா, வத்தமா?" கடல் ஏறின மாதிரி நிறையவா, வற்றின மாதிரி கொஞ்சமா என்று. வத்தம் என்கிறவனை அன்று முழுக்க விடமாட்டார்கள். வராமலே இருப்பவனைச் செத்தவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

விலிகேசா அபிசாயின் தாய்மாமன் மகன். எங்கள் பக்கம் மச்சான்மார் ஒருவரையொருவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்; கோபப்படுகிறவன் தோற்றவன். வண்டியில் தனியாகப் போகும்போது அவரிடம் மட்டும் அபிசாய் படுக்கை விஷயத்தைச் சொன்னார்.

"எனக்கும் வீட்டுல லிதியானாவுக்கும்தான்டா தெரியும். மூணாவது ஆள் நீ."

"அவ்வளவுதானே? ஊத்துறவன் நானு. நீ ஏத்தம்னு சொல்லு, என் கை வத்தமா ஊத்தும். எவன் பாக்கப் போறான்."

அப்படியே நடந்தது. அபிசாய் ஊர் கேட்க "ஏத்தம்" என்பார். விலிகேசா சிரட்டையை உள்ளங்கையால் மறைத்து நீட்டுவார்.

"குடிக்கிற குடியைப் பாரு, கிழட்டுச் சுறா."

"உன் மூஞ்சியக் கழுவின தண்ணியாடா இது?"

வட்டமே சிரிக்கும்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை விலிகேசா கப்பலேறித் தலைநகர் சுவாவுக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுத் தனியேலா ஊற்றினான். எனக்கு முன்னால் இருந்தவரைக் கேட்டான், என்னைக் கேட்டான். அபிசாயைக் கேட்கவில்லை. ஒரு மடக்கு மட்டும் மொண்டு நீட்டினான்.

அபிசாய் வாங்கவில்லை. "என்னைக் கேக்கலையே தம்பி."

"உங்களுக்கு எப்பவும் வத்தம்தானே அண்ணே."

மரியாதையாகத்தான் சொன்னான். யாராவது சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லோரும் பாயைப் பார்த்தோம். அபிசாய் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு முறைப்படி ஒருதரம் கைதட்டி, வாங்கிக் குடித்தார்.

திங்கட்கிழமை துறையில் விலிகேசா கப்பலை விட்டு இறங்கியதும் அபிசாய் அவரைப் பிடித்துக்கொண்டார். நான் மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன்.

"எப்படா சொன்ன?"

விலிகேசா மழுப்பவில்லை. "போன ஈஸ்டருக்கு. நீ பாதியில எந்திரிச்சுப் போறதப் பாத்து, மறுபடி புத்து வந்துருச்சுன்னு பேசிக்கிட்டானுங்க. அதெல்லாம் இல்ல, அவன் பாய நனைக்கிற சின்னப் புள்ளன்னு சொன்னேன். சிரிச்சுட்டு விட்டுட்டானுங்க."

"அப்ப ஒரு வருசமா நான் ஏத்தம் ஏத்தம்னு கத்தினது?"

"எல்லாருக்கும் தெரியும். பாவம்னு சும்மா இருந்தாங்க. மச்சான்கிட்ட சொன்னா சிரிப்பாத்தான்டா வெளிய வரும்."

"நான் மச்சான்கிட்ட சொல்லல. உங்கிட்ட சொன்னேன்."

"கோவமா? அப்ப தோத்துட்ட."

"ஆமா, தோத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அபிசாய் வண்டியில் ஏறினார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். வந்து தன் இடத்திலேயே உட்கார்ந்தார். விலிகேசாவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"ஏத்தமா வத்தமா, ஓட்டைச் சுறா?"

"வத்தம் போதுங்க" என்றார் அபிசாய்.

பாதிரியாரிடம் பேசுகிற பேச்சு அது. விலிகேசா அவருடைய வண்டியைத் திட்டினார். "சரிங்க." அவருடைய காலைத் திட்டினார், தலைமுடியைத் திட்டினார். "ஆமாங்க." அடுத்தது என் முறை. விலிகேசா சிரட்டையைத் தொட்டியில் முக்கியபடியே உட்கார்ந்திருந்தார், என்னிடம் கேட்க மறந்து.